ஊசி பிடித்த கை

என் உம்மா தையல் தைப்பவர். விறாந்தையில் இருக்கும் பழைய தையல் மெஷினில் அயலாரின் சட்டைகளையும் பாடசாலைச் சீருடைகளையும் தைத்துத்தான் எங்களைப் படிக்க வைக்கிறார். இரவில் அவர் தைக்கும்போது நான் அருகில் அமர்ந்து, நூலகத்திலிருந்து கொண்டுவந்த புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பது வழக்கம். சென்ற தவணை விடுமுறையில் அவ்வாறு வாசித்ததுதான் அமெரிக்காவின் 17ஆவது ஜனாதிபதி அன்ட்ரூ ஜோன்சனின் வாழ்க்கை வரலாறு. அவரும் ஒரு தையற்காரர் என்று அறிந்ததாலேயே அந்தப் புத்தகத்தைத் தெரிந்தெடுத்தேன்.

ஜோன்சன் 1808 டிசம்பர் 29ஆம் திகதி வட கரோலைனா மாநிலத்தின் றாலி நகரில் பிறந்தார். மூன்று வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் பிறர் துணிகளைத் துவைத்துக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தார். வறுமையின் காரணமாகச் சிறுவன் ஜோன்சன் ஒரு தையற்கடையில் தொழில் பழகுவதற்காக ஒப்பந்தம் செய்து விடப்பட்டான். ஒரு நாளேனும் பாடசாலைக்குச் சென்றதில்லை. ஆனால், அந்தக் கடையில் வேலை செய்வோருக்குச் சிலர் வந்து புத்தகம் வாசித்துக் காட்டுவார்கள். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்ட சிறுவனுக்கு எழுத்தின் மீது ஆசை பிறந்தது. 15 வயதில் அவன் தன் அண்ணனோடு கடையை விட்டு ஓடிப்போனான். பிடித்துத் தருவோருக்கு 10 டொலர் சன்மானம் என்று எஜமான் பத்திரிகையில் விளம்பரம் செய்தார்.

1826இல் ஜோன்சனின் குடும்பம் மலைகளைக் கடந்து டெனசி மாநிலத்தின் கிறீன்வில் என்ற சிற்றூரை அடைந்தது. அடுத்த ஆண்டு, 18 வயதில், எலைசா என்ற 16 வயதுப் பெண்ணை மணமுடித்தார். கணவரைவிட எலைசா அதிகம் படித்தவர். கணவருக்கு எழுதவும் கணக்குப் பார்க்கவும் கற்பித்தவர் அவரே. கணவர் தைத்துக்கொண்டிருக்க, மனைவி அருகில் இருந்து வாசிப்பார். இந்த இடத்தை வாசித்தபோது உம்மா மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஜோன்சனின் தையற்கடை, ஊரார் கூடி அரசியல் பேசும் இடமாக மாறியது. 1829இல் அவர் நகரசபை உறுப்பினராகவும், 1834இல் கிறீன்வில் நகர முதல்வராகவும் தெரிவுசெய்யப்பட்டார். 1835இல் டெனசி மாநில சட்டசபைக்குப் போட்டியிட்டார். அவர் போட்டியிட்டது, கிறீன் மாவட்டமும் அதன் அயல் மாவட்டமும் சேர்ந்து ஒரு பிரதிநிதியைத் தெரிவுசெய்யும் ஆசனத்துக்கு. மேடை விவாதங்களில் எதிர்த்து நின்றவரைத் திணறடித்து, பெரும் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மனைவியிடம் எழுதக் கற்ற தையற்காரர், சட்டம் இயற்றும் சபையில் போய் அமர்ந்தார்.

சபையில் அவர் அரச பணம் வீணாகக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். மலைப்பாங்கான கிழக்கு டெனசி மக்கள் புகையிரதப் பாதை வேண்டும் என்று ஆவலோடு காத்திருந்தனர். அதற்கு அரசு செலவிடுவதை ஜோன்சன் எதிர்த்தார். விளைவாக 1837 தேர்தலில் தோற்றார். மீண்டும் கடைக்குத் திரும்பினார், ஆனால் சோர்ந்துவிடவில்லை. 1839இல் அதே ஆசனத்தைத் திரும்பவும் வென்றார். அதன் பிறகு மாநில செனற் சபை, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, மாநில ஆளுநர் பதவி, அமெரிக்க செனற் சபை என்று படிப்படியாக உயர்ந்தார். ஆளுநராக இருந்தபோது பொதுப் பாடசாலைகளுக்கென டெனசியில் முதன்முறையாக வரி விதிக்கச் செய்தார். பாடசாலை வாசலை மிதிக்காதவர் செய்த பணி அது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நல்லதொரு முன்மாதிரிக் கதையாக இருந்திருக்கும். ஆனால், ஒரு விடயம் என் மனதைத் தைத்தது. அவர் நகர முதல்வராக இருந்த 1834இல் டெனசி மாநிலத்துக்குப் புதிய அரசியலமைப்பு ஒன்று வரையப்பட்டது. நிலத்தின் பெறுமதிக்கேற்ப வரி விதிக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிக்கும் ஏற்பாடும் அதிலேயே இருந்தது. அந்த அரசியலமைப்பை ஆதரித்து ஜோன்சன் பல இடங்களில் பேசினார். அந்தப் பேச்சுகளே அவரை ஊருக்கு வெளியிலும் அறிமுகப்படுத்தின. அடுத்த ஆண்டு மக்களின் வாக்கைக் கேட்டு நின்றவர், அதற்கு முன் வேறு சிலரின் வாக்கைப் பறிக்கத் துணைநின்றிருந்தார். பின்னாளில் அவரே அடிமைகளை விலைக்கு வாங்கவும் செய்தார்.

1861இல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. பிரிந்து சென்ற தென் மாநிலங்களின் செனற்றர்களில் பதவியை விட்டு விலகாமல் நாட்டின் ஒற்றுமைக்காக நின்றவர் ஜோன்சன் ஒருவரே. அந்தத் துணிவைப் பாராட்டத்தான் வேண்டும். 1864இல் டெனசியின் இராணுவ ஆளுநராக இருந்து அங்குள்ள அடிமைகளுக்கு விடுதலையையும் அறிவித்தார். 1865 ஏப்ரலில் ஆபிரகாம் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டபோது உப ஜனாதிபதியாக இருந்த ஜோன்சன் ஜனாதிபதியானார். நாற்பது இலட்சம் மக்கள் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு நின்ற நேரம் அது. அவர்களுக்குத் தேவைப்பட்டவை கல்வி, நிலம், சட்டத்தின் பாதுகாப்பு. ஆனால், அவர்களுக்கு உதவும் சட்டமூலத்தையும், குடியுரிமை வழங்கும் சட்டமூலத்தையும் 1866இல் ஜோன்சன் கையொப்பமிடாமல் திருப்பி அனுப்பினார். எலைசா எழுதப் பழக்கிய கை அது.

குடியுரிமைச் சட்டத்தைக் காங்கிரஸ் அவரை மீறி நிறைவேற்றியது. 1868இல் யுத்த அமைச்சரைப் பதவி நீக்கியதற்காக ஜோன்சன் மீது குற்றப் பிரேரணை கொண்டுவரப்பட்டது. அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் அவ்வாறு விசாரிக்கப்பட்டது அதுவே முதற்தடவை. ஒரேயொரு வாக்குக் குறைந்ததால் பதவி தப்பினார். 1875இல் மீண்டும் செனற்றரானார். அதே ஆண்டு ஜூலை 31ஆம் திகதி காலமானார். தேசியக் கொடியில் போர்த்தி, தலைக்கடியில் அரசியலமைப்பின் பிரதி ஒன்றை வைத்து அவரைக் கிறீன்வில்லில் அடக்கம் செய்தார்கள்.

வாசித்து முடித்ததும் உம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, தனக்கு ஒருத்தி கற்றுக் கொடுத்ததை அந்த மனிதர் எப்படி மறந்தார் என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. வறுமையிலிருந்து எழுந்தவர் எல்லோரும் வறியவருக்காக நிற்பார்கள் என்று நான் நம்பியிருந்தேன். அது தானாக வருவதில்லை என்பதை இந்த வரலாறு எனக்குக் கற்றுத் தந்தது.

அடுத்த தேர்தலில் நான் முதன்முறையாக வாக்களிக்கப் போகிறேன். மேடையில் நிற்பவர் எவ்வளவு தூரம் ஏறி வந்தார் என்பதை மட்டும் பார்க்க மாட்டேன். தனக்குப் பின்னால் ஏறி வருபவருக்கு அவர் கை கொடுக்கிறாரா என்றும் பார்ப்பேன். தோழியரே, நாளை நாமும் ஒரு பதவியில் அமரலாம். அன்று இந்தக் கேள்வியை நம்மிடமும் கேட்டுக்கொள்வோம்.