மேரி கியூரி அம்மையாரும் 600 ரூபிளும்

ரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி கியூரி அம்மையாரின் பெயரைக் கேட்டிராத மாணவி நம் பள்ளியில் ஒருத்திகூட இருக்க மாட்டாள். இயற்பியலுக்கு ஒரு முறை, வேதியியலுக்கு ஒரு முறை என இரு தடவை நோபல் பரிசு பெற்றவர் என்பதை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். ஆனால் ரேடியம் கைக்கு வருவதற்கு முன்னால் அவருடைய அறை வாடகைக்குப் பணம் எங்கிருந்து வந்தது, ஆராய்ச்சி செய்ய இடம் யார் கொடுத்தார்கள், மூலப்பொருளை யார் அனுப்பினார்கள் என்பதெல்லாம் பாடத்தில் வருவதில்லை. அடுத்த ஆண்டு எங்கே படிப்பது, அதற்குப் பணத்துக்கு என்ன செய்வது என்று வீடுதோறும் பேச்சு எழும் வகுப்பில் நாங்கள் இருக்கிறோம். ஆகவே அம்மையாரின் வாழ்க்கையில் வரவு செலவுப் பக்கத்தையே நாங்கள் புரட்டிப் பார்த்தோம்.

போலந்து நாட்டின் வார்சா நகரில் 1867ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், ஐந்து குழந்தைகளில் கடைக்குட்டியாக மரியா ஸ்க்லோடோவ்ஸ்கா பிறந்தார். அந்நாளில் வார்சா ருஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. தந்தை கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். தாய் பெண்கள் பள்ளி ஒன்றை நடத்தியவர். ஆசிரியர் வீட்டில் செல்வம் எவ்வளவு இருக்கும் என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை. போதாக்குறைக்கு, தந்தை நம்பிப் போட்ட முதலும் கரைந்து போயிற்று. மூத்த அக்காள் காய்ச்சலில் இறந்தாள். 1878இல் தாயும் காசநோயால் மறைந்தார். அப்போது மரியாவுக்கு வயது பத்து.

1883இல் தங்கப் பதக்கத்துடன் பள்ளிப் படிப்பை முடித்தார். அத்துடன் கதவு அடைபட்டது. வார்சா பல்கலைக்கழகத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை. அரசுக்குத் தெரியாமல் வீடு மாற்றி வீடு நடந்த இரகசிய வகுப்புகளில் அவரும் அக்காள் புரோனியாவும் படித்தார்கள். ஆனால் அங்கே பட்டம் கிடைக்காது. பட்டம் வேண்டுமென்றால் பாரிஸ் செல்ல வேண்டும். இருவரையும் அனுப்பத் தந்தையால் இயலாது, ஒருவரைக்கூட இயலாது.

அப்போது சகோதரிகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். முதலில் புரோனியா பாரிஸ் சென்று மருத்துவம் படிப்பது. மரியா வேலை செய்து பணம் அனுப்புவது. புரோனியா தலையெடுத்ததும் தங்கையை அழைத்துக்கொள்வது. நம் ஊர்களில் அக்காளின் திருமணம் முடியட்டும் என்று தங்கை காத்திருப்பதைக் கண்டிருக்கிறோம். அக்காளின் படிப்பு முடியட்டும் என்று காத்திருந்த தங்கை இவர்.

1886 ஜனவரி முதல் நாட்டுப்புறத்தில் ஒரு பண்ணைக் குடும்பத்தின் பிள்ளைகளுக்கு வீட்டு ஆசிரியையாக மரியா பணியேற்றார். ஆண்டுச் சம்பளம் 500 ரூபிள். அதில் மாதம் 15 ரூபிள், பிறகு 20 ரூபிள் என்று அக்காளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பகலில் எசமானர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம். மீந்த நேரத்தில் உழவர்களின் குழந்தைகளுக்குப் போலந்து மொழியில் எழுத்தறிவித்தல். இரவில் தனக்கென்று கணிதமும் இயற்பியலும். இப்படியே மூன்று ஆண்டுகள் அந்த வீட்டில் கழிந்தன. 1891 நவம்பரில்தான் அவர் பாரிஸ் நகருக்கு இரயில் ஏறினார். அப்போது வயது 24. பள்ளியை விட்டு எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கல்லூரிக்கு ஓராண்டு தாமதமானாலே வாழ்வு போயிற்று என்று கலங்கும் தோழியர் இந்த எட்டைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

பாரிஸில் சில மாதங்கள் அக்காள் வீட்டில் தங்கினார். பிறகு, சார்போன் பல்கலைக்கழகத்துக்கு அருகில் இருக்க வேண்டும் என்று ஆறாம் மாடிக் கூரைக்கடியில் ஒரு சிற்றறையை வாடகைக்குப் பிடித்தார். மாதம் முழுவதற்கும் 40 ரூபிள். வாடகை, உணவு, புத்தகம், கரி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். குளிர் பொறுக்காத இரவுகளில் தன்னிடம் இருந்த துணிகளையெல்லாம் மேலே போர்த்திக்கொண்டு உறங்கினார். சரியாக உண்ணாமல் ஒருநாள் மயங்கி விழுந்ததும் உண்டு. 1893இல் இயற்பியல் பட்டத் தேர்வில் முதல் இடம் அவருக்கே.

முதல் இடம் பெற்றவரிடம் மேலே படிக்கக் காசு இல்லை! கணிதப் பட்டமும் பெற்றால்தான் ஆராய்ச்சிக்கு அடித்தளம் உறுதிப்படும். ஆனால் ஆண்டுக் கணக்கில் சேர்த்த பணம் அநேகமாகத் தீர்ந்து போயிருந்தது. விடுமுறைக்கு வார்சா வந்தவர் திரும்பிப் போவது எப்படி என்று தெரியாமல் நின்றார். பாரிஸில் உடன் பழகிய போலந்துத் தோழி ஒருத்தி அவருக்காக வார்சாவில் பலரிடம் எடுத்துச் சொல்லி, வெளிநாட்டில் படிக்கும் திறமையுள்ள மாணவர்களுக்கான அலெக்சாண்ட்ரோவிச் உதவித் தொகைக்கு ஏற்பாடு செய்தாள். கிடைத்தது 600 ரூபிள். மாதம் 40 என்ற கணக்கில் நாங்கள் வகுத்துப் பார்த்தோம். சரியாகப் பதினைந்து மாதங்கள். ஒரு பட்டத்துக்குப் போதுமான காலம். 1894இல் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றுத் தேறினார்.

இத்தோழியின் பெயரை விஞ்ஞான நூல்களில் தேடினால் கிடைக்காது. ஆயினும் அவள் வீடு வீடாகச் சென்று பேசியிராவிட்டால், மரியா வார்சாவிலேயே ஓர் ஆசிரியையாக நின்றிருக்கக்கூடும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. தகுதி உடையவர் தமக்காகத் தாமே கேட்கக் கூசுகிறார். அவருக்காக இன்னொருவர் கேட்க வேண்டியிருக்கிறது.

அதே 1894இல் தேசியத் தொழில் ஊக்குவிப்புச் சங்கம் என்னும் பிரெஞ்சு அமைப்பு, பலவகை எஃகுகளின் காந்தத் தன்மையை ஆராயும்படி அவருக்கு ஊதியத்துடன் ஒரு பணியைத் தந்தது. ஆராய்ச்சியால் அவர் ஈட்டிய முதல் வருவாய் இதுவே. அந்தப் பணம் கைக்கு வந்ததும் அவர் செய்த காரியத்தைப் படித்தபோது எங்களுக்கு மெய் சிலிர்த்தது. சிக்கனமாய் மிச்சம் பிடித்து, 600 ரூபிளையும் அந்த உதவித் தொகை நிதிக்கே திருப்பிச் செலுத்திவிட்டார். கேட்டவர் யாரும் இல்லை. அது கடனே அல்ல. அதுவரை எவரும் அப்படித் திருப்பித் தந்ததும் இல்லை. அப்பணம் தன்னிடம் தங்கியிருந்தால் வேறோர் ஏழை மாணவிக்குப் போகாது என்பதே அவர் எண்ணம்.

எஃகு ஆய்வுக்குப் போதிய இடம் இல்லாமல் திண்டாடியபோதுதான், போலந்து இயற்பியலாளர் ஒருவர் அவரைப் பியேர் கியூரியிடம் அறிமுகம் செய்து வைத்தார். அந்தக் கோடையில் தாயகம் சென்ற மரியாவுக்குக் கிராக்கோ பல்கலைக்கழகத்தில், பெண் என்பதால் இடம் மறுக்கப்பட்டது. பாரிஸ் திரும்பினார். 1895 ஜூலை 26இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. பரிசாக வந்த பணத்தில் ஆளுக்கொரு சைக்கிள் வாங்கிக்கொண்டார்கள். 1897இல் மகள் ஐரீன் பிறந்தாள்.

பெக்கரல் என்னும் விஞ்ஞானி 1896இல் கண்ட யுரேனியக் கதிர்களையே மேரி அம்மையார் டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். பியேர் வேலை பார்த்த பாரிஸ் நகராட்சியின் இயற்பியல் வேதியியல் பள்ளியில் ஈரம் கசியும் கீழ்த்தளச் சாமான் அறை ஒன்று தரப்பட்டது. சம்பளம் ஏதும் இல்லை. அந்த அறையில்தான் 1898 ஜூலையில் பொலோனியமும் டிசம்பரில் ரேடியமும் உலகுக்கு அறிவிக்கப்பட்டன.

அறிவித்தால் போதாது, பிரித்தெடுத்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிட்ச்பிளெண்டு என்னும் தாதுப்பொருள் டன் கணக்கில் தேவை. அதன் விலை இவர்களுக்கு எட்டாதது. ஆனால் யுரேனியத்தை எடுத்தபின் எஞ்சும் சக்கையிலும் ரேடியம் இருக்க வேண்டுமே என்று சிந்தித்தார்கள். போஹீமியாவின் யோவாகிம்ஸ்தால் சுரங்கத்தருகே அந்தச் சக்கை வீணாகக் குவிந்து கிடந்தது. வியன்னா விஞ்ஞானக் கழகம் பரிந்து பேசியதால் ஆஸ்திரிய அரசு ஒரு டன் சக்கையை இலவசமாகவே கொடுத்தது. அதைக் காய்ச்சி வடிக்கக் கிடைத்த இடமோ, மருத்துவ மாணவர்கள் முன்பு பிணம் அறுத்த ஒரு கொட்டகை. கண்ணாடிக் கூரை ஒழுகும். அங்கே தன் உயரத்துக்கு ஏறக்குறைய ஒத்த இரும்புக் கம்பியால் கொதிக்கும் குழம்பைக் கிண்டியபடி அம்மையார் ஆண்டுகளைக் கழித்தார். 1902இல் கிடைத்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு.

இதற்கிடையே வீட்டுச் செலவு இருக்கிறதே! பியேரின் சம்பளம் மாதம் 500 பிராங்க். அது போதாமல் 1900இல் மேரி அம்மையார் செவ்ரில் இருந்த பெண் ஆசிரியைகளுக்கான கல்லூரியில் விரிவுரையாளரானார். பியேரும் கூடுதலாக ஒரு போதனைப் பணியை ஏற்றார். ஆராய்ச்சிக்குரிய நேரம் வகுப்புகளிலும் விடைத்தாள்களிலும் கரைந்தது. பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அம்மையாருக்குப் பரிசுகள் வழங்கித் துணை நின்றது மெய்யே. ஆனால் 1898இல் பரிசுச் செய்தியை அவருக்கு எழுதாமல் அவர் கணவருக்கு எழுதினார்கள்! 1903 நோபல் பரிசுக்கும் முதலில் பெக்கரல், பியேர் ஆகியோரின் பெயர்களே பரிந்துரைக்கப்பட்டன. சுவீடன் கணித அறிஞர் ஒருவர் இதைத் தெரிவிக்க, மனைவியின் பங்கை எடுத்துக்காட்டிப் பியேர் பதில் எழுதிய பிறகே அம்மையாரின் பெயரும் சேர்ந்தது.

ஆய்வுக்கூடத்தில் மேரி அம்மையாருக்குச் சம்பளத்துடன் கூடிய பதவி எப்போது கிடைத்தது தெரியுமா? 1904 நவம்பரில், அதாவது நோபல் பரிசு பெற்று ஓராண்டு கழிந்தபின்! பியேர் சார்போனில் பேராசிரியரானபோது அவருடைய ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை உதவியாளராக இவரை நியமித்தார்கள். ஆண்டுக்கு 2,400 பிராங்க். ரேடியம் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தால் பெருஞ்செல்வம் சேர்ந்திருக்கும். விஞ்ஞானம் எல்லோருக்கும் பொது என்று இருவரும் அதை விட்டுவிட்டார்கள்.

1906 ஏப்ரல் 19இல் குதிரை வண்டி மோதிப் பியேர் இறந்தார். அரசு உதவிச் சம்பளம் தர முன்வந்தது. தன்னால் உழைக்க முடியும் என்று அம்மையார் மறுத்துவிட்டார். கணவரின் பணியே அவரிடம் ஒப்படைக்கப்பட, சார்போனில் பாடம் சொன்ன முதல் பெண்மணியானார். 1911 ஜனவரியில் விஞ்ஞானக் கழகத் தேர்தலில் மிகச் சொற்ப வாக்குகளில் தோற்றார். அதே ஆண்டில் இரண்டாம் நோபல் பரிசு கிடைத்தது.

1907இல் அமெரிக்கச் செல்வர் கார்னெகி கொடுத்த நன்கொடையால், இவருடைய ஆய்வுக்கூடத்தில் இளம் ஆராய்ச்சியாளருக்கு உதவித் தொகை வழங்க முடிந்தது. ஒரு காலத்தில் பெற்றவர் அன்று முதல் கொடுப்பவரானார். 1921இல் அமெரிக்கப் பெண்கள் நிதி திரட்டி 1,00,000 டாலர் விலையில் ஒரு கிராம் ரேடியம் வாங்கி அவருக்கு அளித்தார்கள். ரேடியத்தைக் கண்டவருக்கே அதை வாங்க வசதி இல்லை! அதிபர் ஹார்டிங் வழங்குவதற்கு முந்திய இரவு தானப் பத்திரத்தைப் படித்த அம்மையார், அதில் தன் பெயர் இருக்கக் கண்டு, அன்றிரவே வழக்கறிஞரை வரவழைக்கச் செய்தார். தனக்குப்பின் அது தன் மகள்களின் சொத்தாகிவிடக் கூடாது, ஆய்வுக்கூடத்துக்கே சேர வேண்டும் என்று மாற்றி எழுதிய பிறகுதான் உறங்கச் சென்றார். 1922 முதல் சர்வதேச சங்கத்தின் அறிவுத்துறைக் குழுவில் இருந்துகொண்டு, இளம் விஞ்ஞானிகளுக்கு நாடு கடந்த உதவித் தொகைகள் வேண்டும் என வாதாடினார்.

1929இல் அவருடைய ரேடிய நிலையத்துக்கு உதவியாளர் வேலை கேட்டு மார்கரெட் பெரே என்ற பெண் வந்தாள். இருபது வயதுகூட நிரம்பவில்லை. தந்தையை இழந்து, பல்கலைக்கழகம் போக வசதியின்றித் தொழிற்கல்விச் சான்றிதழோடு வந்தவள். அம்மையார் அவளைச் சேர்த்துக்கொண்டு தாமே பயிற்சி தந்தார். 1934 ஜூலை 4இல் அம்மையார் காலமானார். 1939இல் அப்பெண் பிரான்சியம் என்னும் புதிய தனிமத்தைக் கண்டுபிடித்தார். மேரி கியூரியை ஏற்க மறுத்த அதே விஞ்ஞானக் கழகம், 1962இல் மார்கரெட் பெரேயைத் தொடர்பு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அக்கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவரே.