ஜலாலுத்தீன் ரூமி

ஜலாலுத்தீன் முகம்மது ரூமி (செப்டம்பர் 30, 1207 - டிசம்பர் 17, 1273) பாரசீக மொழிக் கவிஞரும், இசுலாமிய மார்க்க அறிஞரும், சூஃபி ஞானியும் ஆவார். மௌலானா என மதிப்புடன் அழைக்கப்படுகிறார். அன்பின் வழியாக இறைவனை அடைவதே மனித உள்ளத்துக்கு அமைதி தரும் என்பது இவரது போதனையின் சாரமாகும். மஸ்னவி, திவானே ஷம்ஸ் ஆகியன இவரது முதன்மையான படைப்புகள்.

இளமை

ரூமியின் குடும்பம் இன்றைய ஆப்கானித்தானின் வடக்கிலுள்ள பால்க் பகுதியைச் சேர்ந்தது. தந்தை பகாவுத்தீன் வலத் மார்க்க அறிஞர். ரூமி சிறுவனாக இருந்தபோது குடும்பம் மேற்கு நோக்கிப் புலம்பெயர்ந்து, பாக்தாத், மக்கா வழியாகப் பயணம் செய்து, இன்றைய துருக்கியிலுள்ள கொன்யா நகரில் குடியேறியது. அப்பகுதி அக்காலத்தில் ரூம் எனப்பட்டதால் இவர் ரூமி எனப் பெயர் பெற்றார். 1231 இல் தந்தை இறந்தபின், அவரது சீடரான புர்கானுத்தீனிடம் ஆன்மிகப் பயிற்சி பெற்றார். அலெப்போ, டமாஸ்கஸ் நகரங்களில் கல்வி கற்றுத் திரும்பி, மதரசாவில் ஆசிரியராகப் பணியாற்றினார்.

ஷம்ஸ் தப்ரீசியின் நட்பு

1244 நவம்பரில் ஷம்ஸ் தப்ரீசி என்னும் நாடோடித் துறவியைக் கொன்யாவில் சந்தித்தார். இச்சந்திப்பு ரூமியின் வாழ்வை முற்றிலும் மாற்றியது. நூலறிவில் தேர்ந்திருந்த இவர் இசையிலும் சுழல் நடனத்துடன் கூடிய தியானத்திலும் ஈடுபடத் தொடங்கினார். ஆசிரியர் தம்மை மறந்துவிட்டதாகக் கருதிய சீடர்கள் ஷம்ஸை வெறுத்தனர். 1246 இல் ஷம்ஸ் ஊரை விட்டு வெளியேறினார். ரூமியின் மகன் சுல்தான் வலத் டமாஸ்கஸ் சென்று அவரை அழைத்து வந்தார். எனினும் சில மாதங்களில் ஷம்ஸ் மீண்டும் மறைந்தார். அவர் கொல்லப்பட்டதாகவும் ஒரு கருத்து உண்டு. அதற்கு உறுதியான சான்று இல்லை.

ரூமி டமாஸ்கசுக்குச் சென்று தேடியும் ஷம்ஸ் கிடைக்கவில்லை. தேடியவர் தம் உள்ளத்திலேயே இருப்பதை இறுதியில் உணர்ந்து ரூமி அமைதியடைந்தார் எனச் சுல்தான் வலத் பதிவு செய்துள்ளார். இக்காரணத்தாலேயே ரூமி தம் கசல் பாடல்கள் பலவற்றில் தம் பெயருக்குப் பதிலாக ஷம்ஸின் பெயரை முத்திரையாக வைத்தார்.

மஸ்னவி

சீடர் குசாமுத்தீனின் வேண்டுகோளால் மஸ்னவி உருவானது. ரூமி சொல்லச் சொல்ல அவர் எழுதினார். முதல் நூல் முடிந்தபின் குசாமுத்தீனின் மனைவி இறந்ததால் பணி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தடைப்பட்டது. ஆறு நூல்களும் சுமார் 25,000 ஈரடிச் செய்யுள்களும் கொண்ட இப்படைப்பு, நாணற்காட்டிலிருந்து வெட்டப்பட்ட புல்லாங்குழலின் ஏக்கத்துடன் தொடங்குகிறது. இறைவனைப் பிரிந்த ஆன்மாவின் நிலைக்கு அது உருவகமாகும்.

அன்பு பற்றிய கருத்து

மனிதர்மீது கொள்ளும் அன்பு இறையன்புக்கு இட்டுச்செல்லும் பாலம் என ரூமி கருதினார். பிரிவுத் துயரை அவர் அடக்கவேண்டிய பலவீனமாகக் கொள்ளவில்லை. தன் மூலத்தை ஆன்மா தேடுவதன் அடையாளமாகவே கண்டார். நான் என்னும் எண்ணம் அன்பில் கரையும்போது அமைதி பிறக்கிறது என்பது அவர் கொள்கை.

மறைவு

1273 டிசம்பர் 17 அன்று ரூமி கொன்யாவில் காலமானார். இறுதி ஊர்வலத்தில் முசுலிம்களுடன் கிறித்தவர்களும் யூதர்களும் கலந்துகொண்டனர். இறப்பை இறைவனுடன் இணைதலாகக் கருதியதால், அந்நாள் திருமண இரவு என்னும் பெயரில் நினைவுகூரப்படுகிறது. இவர் வழியில் தோன்றிய மௌலவி சூஃபி மரபின் மடங்கள் 1925 இல் துருக்கி அரசால் மூடப்பட்டன. இவரது அடக்கத்தலம் 1927 இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.