இலுப்பை நிழலில் யோகர் சுவாமிகள்

1872ஆம் ஆண்டு மாவிட்டபுரத்தில் அவதரித்த சிவயோக சுவாமிகள், கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தளக் களஞ்சியக் காப்பாளராகக் கடமையாற்றியவர். நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமிகளைக் குருவாக அடைந்தபின் அந்த உத்தியோகத்தைத் துறந்தார். கொழும்புத்துறை வீதியோரம் நின்ற இலுப்பை மரத்தடியே அவருக்கு வீடாயிற்று. வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்காக அங்கே தவமிருந்தார். கிட்ட வந்தோரை ஏசி விரட்டினார். மரத்தை மட்டும் விட்டகலவில்லை. பின்னர் அடியார்கள் வற்புறுத்திக் குடிலில் இருத்தினர். அக்குடிலும் அம்மரத்துக்கு அண்மையிலேயே அமைந்தது. 1964 பங்குனியில் சமாதியடையும் வரை சுவாமிகள் அவ்விடத்தைவிட்டுக் குடிபெயரவில்லை.

ஓய்வூதியத்தை எண்ணியே அரச சேவையில் காலங்கழித்த அடியேனுக்கு, சம்பளத்தை விட்டு மரநிழலைப் பற்றிய அத்துணிவு இன்றும் பெருவியப்பே. எமது கோவில் வீதி மரத்தடியில் அமரும்போதெல்லாம் சுவாமிகளைச் சிந்திப்போமாக.