பிரேக்குக்குள் பாஸ்கல்

வீட்டில் பைக் டிஸ்க் பிரேக்குக்குக் காற்று எடுக்கும்போதெல்லாம் எனக்குப் பாஸ்கல் ஞாபகம்தான். 1623-ல் பிரான்ஸின் கிளெர்மான் நகரில் பிறந்தவர். மூன்று வயதில் தாயை இழந்தார். வரிக்கணக்கோடு மல்லாடிய அப்பாவுக்காக 1642-லேயே கணக்கிடும் இயந்திரம் செய்யத் தொடங்கினார். வாலிபத்திலிருந்தே நோயாளி, மூளை மட்டும் ஓயவில்லை. அடைபட்ட திரவத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்றார். அந்த நூல் அச்சானது 1663-ல். அவரோ முந்தின வருஷமே 39 வயதில் மறைந்துவிட்டார், பாவம்!

நம் விரலின் அமுக்கு காலிப்பரைச் சேர்வது அவர் விதிப்படிதான். நடுவில் காற்றுக்குமிழி புகுந்தால் போச்சு! அமுக்குவதெல்லாம் குமிழியைச் சுருக்கவே சரியாய்ப் போகும், வண்டி நிக்காது. லிவரை அமுக்கிப் பிடிச்சே நிப்பிளைத் திறங்க. அதை மூடின பிறகே லிவரை விடுங்க. இல்லேன்னா காற்று திரும்ப உள்ளே வந்துடும். ஆயில் ஈரத்தையும் இழுக்கும். ரெண்டு வருஷத்துக்கொரு தடவை மாத்திடுங்க.