முனிசீபின் புனைவுலகம்: மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் வாழ்வும் சாகசக் கதையும்

1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரமே தமிழின் முதல் நாவல் என்பதை ஆய்வாளர் பெரும்பாலும் ஏற்பர். ஆனால் அதன் பிற்பகுதியை அவர்கள் தயக்கத்துடனேயே அணுகுகின்றனர். சத்தியபுரியில் இயல்பாக நடந்துவந்த குடும்பக்கதை திடீரென வேட்டைக்காட்டில் வழிதவறுகிறது. கதைத்தலைவி ஆண்வேடம் பூண்டு விக்கிரமபுரியின் அரியணையில் அமர்கிறாள். இதைப் பழங்கதை மரபின் எச்சமென ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. ஆசிரியரின் வாழ்க்கையோடு சேர்த்துப் படிப்பவர்க்கோ, அவர் சொல்ல விரும்பியவற்றுள் அரியவை அப்பகுதியிலேயே உள்ளன என்பது புலப்படும்.

வேதநாயகம் பிள்ளை 1826 அக்டோபர் 11 அன்று திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மைக்கும் மகனாகப் பிறந்தார். குடும்பம் கத்தோலிக்கத்தைத் தழுவியது பாட்டனார் காலத்தில். திருச்சியில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராயிருந்த தியாகராச பிள்ளையிடம் தமிழும் ஆங்கிலமும் பயின்றார். 1848இல் நீதிமன்ற ஆவணக் காப்பாளராகவும், பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணியேற்ற அவர், 1857இல் தரங்கம்பாடியில் முனிசீப் ஆனார். அதன்பின் சீகாழியிலும் மாயூரத்திலும் பணியாற்றினார். ஊர்ப்பெயரே அவர் பெயருக்கு முன்னொட்டாகும் அளவுக்கு மாயூரத்தில் ஊன்றினார்.

மொழிபெயர்ப்பாளர் நாற்காலி அவருக்கு ஒன்றைத் தெளிவாகக் காட்டியிருக்க வேண்டும்: வழக்காடும் குடிமகனுக்குத் தன் வழக்கில் பேசப்படும் மொழி விளங்குவதில்லை. 1805 முதல் 1861 வரையிலான உயர்நீதித் தீர்ப்புகளைத் தமிழில் திரட்டி 1862இல் சித்தாந்த சங்கிரகம் என வெளியிட்டதை இப்பின்னணியில் காண வேண்டும். நாவலாசிரியரைப் பேசும் நூல்கள் இதனை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. சட்டத்தைத் தமிழ் உரைநடையில் எழுதிப் பழகிய கையே பின்னர்க் கதையும் எழுதியது என்பது கருதத்தக்கது.

செய்யுளிலும் அவர் கை தேர்ந்திருந்தது. நீதிநூல் 1859இலும் பெண்மதி மாலை 1869இலும் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் 1878இலும் வெளிவந்தன. திருவாவடுதுறை சுப்பிரமணிய தேசிகரோடு நெருங்கிய நட்பு இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது குளத்தூர்க் கோவை பாடினார். கத்தோலிக்க முனிசீப் ஒருவரைப் பாட்டுடைத் தலைவராக்கிச் சைவப் பெரும்புலவர் கோவை இயற்றிய நிகழ்ச்சி, அந்நூற்றாண்டின் சமயப் பூசல்களை மட்டுமே அறிந்தவர்க்கு வியப்பாயிருக்கும். 1872இல் பணியிலிருந்து ஓய்வுபெற்றார். 1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருடப் பஞ்சத்தில் தம் பொருளைக் கொண்டு மாயூரத்தில் கஞ்சி வார்த்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கொடையைக் கீர்த்தனத்தில் போற்றினார்.

பஞ்சத்தின் வெப்பம் தணியுமுன்னரே நாவல் அச்சேறியது. கதைத்தலைவன் தொண்டை மண்டல முதலியார் குலத்தவன். இன்று சென்னையின் மேற்குப் புறநகராகிவிட்ட பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகியனவும் அம்மண்டலத்து ஊர்களே. ஆயினும் ஆசிரியர் கதைக்குத் தேர்ந்த சத்தியபுரியும் விக்கிரமபுரியும் நிலப்படத்தில் இல்லாதவை. பணியிலிருந்தபோது கண்டவற்றை யாரையும் சுட்டாமல் எழுதுவதற்கு இக்கற்பனை ஊர்கள் நல்ல காப்பாயின.

கணவனைத் தேடி ஆண்வேடத்தில் அலையும் ஞானாம்பாளுக்குப் பட்டத்து யானை மாலையிடுகிறது. அரசன் வழித்தோன்றலின்றி இறந்தபின் யானை புதிய அரசனைத் தேரும் இம்மரபை மூர்த்தி நாயனார் வரலாற்றில் பெரியபுராணம் வழி அறிவோம். கரிகாலனைக் கழுமலத்து யானை கருவூரில் கண்டெடுத்த செய்தி பழமொழி நானூற்றில் உண்டு. கழுமலத்தைச் சீகாழியெனக் கொள்வாரும் உளர். அச்சீகாழியில் நம் ஆசிரியர் முனிசீபாக இருந்தார் என்பது தற்செயலாயினும் சுவையானது. மேலைநாட்டு நாவல் வடிவத்தை ஏற்ற கத்தோலிக்கர், கதையின் திருப்புமுனைக்குச் சைவ, சங்கத் தொன்மங்களின் யானையை அழைத்துக்கொண்டார். ஆனால் அந்த யானை இம்முறை ஒரு பெண்ணைத் தேர்ந்தது. இந்த ஒரு மாற்றத்திலேயே நாவலின் துணிவு இருக்கிறது.

அரியணையில் அமர்ந்த ஞானாம்பாள் செய்வன ஒரு நீதிபதியின் நெடுநாள் ஏக்கங்கள். குற்றமின்றிச் சிறைப்பட்ட கணவனை மீட்பதோடு அவள் நின்றுவிடவில்லை. வழக்கறிஞர் ஒழுக்கத்தையும், நீதிமன்றங்களில் நாட்டுமொழி வழங்க வேண்டிய தேவையையும் எடுத்துரைக்கிறாள். பணிக்காலத்தில் முனிசீப் ஒருவரால் ஆணையாக்க இயலாதவற்றை அவர் படைத்த பெண் ஆணையாக்கினாள். நடப்பியலோடு ஒட்டிய சத்தியபுரியில் இதற்கு இடமில்லை. சாகசக் கதை மட்டுமே இந்த வாயிலைத் திறக்க வல்லது. இவ்விடங்களில் சொற்பொழிவு நீள்கிறது, கதையோட்டம் தளர்கிறது என்ற குறையை மறுப்பதற்கில்லை. ஆனால் கிளைக்கதைகளின் நகைச்சுவை அத்தளர்ச்சியைப் பலமுறை ஈடுசெய்கிறது.

ஆசிரியரின் சமயம் நாவலில் எங்கே என்ற வினாவும் எழும். வேதாகமக் கதையோ மதமாற்றமோ அதில் இல்லை. தேவமாதா அந்தாதி பாடிய பக்தர், நாவலில் எச்சமயத்தாரும் ஏற்கும் கடவுளையே பேசுகிறார். ஆயினும் பிரிவும் துன்பமும் ஓர் அருள்நோக்கத்துக்கு உட்பட்டவை என்ற நம்பிக்கை கதைப்பின்னலைத் தாங்கி நிற்கிறது. சாகசக் கதையின் தற்செயல்களை அவர் திருவருளின் செயல்களாகவே வாசித்தார் எனலாம்.

இரண்டாம் நாவலாகிய சுகுணசுந்தரி 1887இல் வெளிவந்தது. அரசிளங்குமரியைத் தலைவியாகக் கொண்டு, இளமை மணத்தை எதிர்ப்பது அது. முதல் நாவலின் விரிவு அதற்கு இல்லை. 1889 ஜூலை 21 அன்று வேதநாயகர் மறைந்தார். இதற்கிடையில், 1885இல், கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை அசன்பேயுடைய கதையை இஸ்லாமிய உலகின் பின்னணியில் எழுதியிருந்தார். 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பி, காட்டில் கரடியால் வளர்க்கப்பட்டவனும் அரண்மனையில் வளர்ந்தவனுமான இரட்டையர் பற்றிய ஐரோப்பிய இடைக்கால வீரக்கதையை ஊசோன் பாலந்தை கதை எனத் தமிழாக்கினார்.