பாலம் தந்த முதலியார்

நெல்லைச் சந்திப்பில் பேருந்து ஏறிப் பாளையங்கோட்டைக்குச் செல்வோர் நாள்தோறும் எத்தனையோ ஆயிரவர். அவர்களுள் நானும் ஒருவன். பாலத்தைக் கடக்கும் அந்த ஒரு நிமிடத்தில் ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று எட்டிப் பார்ப்போமேயன்றி, யார் தந்த பாலத்தின்மீது செல்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. சுலோசன முதலியாரைப் பற்றி எழுத வேண்டும் என்ற ஆவல் எனக்கு உண்டானது, இருப்புப் பாதைகளின் வரலாற்றைப் படித்தபோதுதான். பாலத்துக்கும் இரயிலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் ஆறு நமது தாமிரபரணி. நெல்லையையும் பாளையையும் அது ஆண்டில் பல மாதங்கள் பிரித்தே வைத்திருந்தது. சந்தைக்குப் போகிறவர், கச்சேரிக்குப் போகிறவர், பிள்ளைப்பேற்றுக்குப் பிறந்தகம் போகிறவள், எல்லோரும் கரையில் ஓடத்துக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். வெள்ளம் வந்துவிட்டால் ஓடமும் இல்லை.

தொண்டை மண்டலத்திலிருந்து தெற்கே வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் சுலோசன முதலியார். கலெக்டர் கச்சேரியில் அவர் சிரஸ்தார். அக்காலத்தில் அந்தக் கச்சேரியில் நம்மவர் எட்டக்கூடிய மிக உயர்ந்த பதவி அதுதான். நில வரிக் கணக்கெல்லாம் சிரஸ்தார் கையில். பாலத்துக்கு மக்களிடம் பணம் திரட்டலாம் என்ற பேச்சு எழுந்தபோது, முதலியார் வீட்டுக்கு வந்து யோசித்தாராம். வரி கொடுத்தே நொந்தவர்களிடம் மீண்டும் எப்படிக் கைநீட்டுவது என்று கலங்கினாராம். அவருடைய துணைவியார் வடிவாம்பாள் தம் நகைகளைக் கழற்றித் தட்டில் வைத்து முன்னே நீட்டினாராம். நெல்லையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி இது. அதில் எவ்வளவு மெருகு ஏறியிருக்கிறதோ, முதலியார் ஏறத்தாழ 50,000 ரூபாய் கொடுத்தது மட்டும் கதையன்று.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று என்னிடம் ஒரு நண்பர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். கும்பினியாரின் வரி வசூலில் பங்கு கொண்டவர்களைப் புனிதர்களாக்க நான் முன்வரவில்லை. ஆனால் அன்று எத்தனையோ ஜில்லாக்களில் எத்தனையோ சிரஸ்தார்கள் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் ஆற்றுக்குப் பாலம் கட்டிக் கொடுத்தார்கள்?

1840-இல் வேலை தொடங்கியது. ஹார்ஸ்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் முன்னின்று கட்டினார். அறுபது அடி அகலமுள்ள பதினொரு வளைவுகள். லண்டனில் தேம்ஸ் ஆற்றின்மேல் இருந்த வாட்டர்லூ பாலத்தின் சாயலில் இரட்டைத் தூண்கள். அந்த வாட்டர்லூ பாலத்தை 1930-களில் இடித்துவிட்டார்கள். அதன் சாயல் நம் ஊரில் நிற்கிறது! 1843-இல் பாலம் திறக்கப்பட்டது.

இனி இரயிலுக்கு வருவோம். பாலம் திறந்து பத்தாண்டுகள் கழித்து, 1853-இல்தான் பம்பாயிலிருந்து தாணாவுக்கு இந்தியாவின் முதல் பயணிகள் வண்டி ஓடியது. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் பயணிகள் பாதை திறக்கப்பட்டது. இவற்றை அமைத்த லண்டன் கம்பெனிகளுக்கு, அவை போட்ட முதலுக்கு ஐந்து சதவிகித வட்டி உறுதி என்று வாக்களிக்கப்பட்டது. வண்டியில் லாபம் வராவிட்டால், குறையும் தொகை இந்நாட்டு வரிப்பணத்திலிருந்து போகும். இதைப் படித்தபோதுதான் எனக்கு முதலியார் நினைவுக்கு வந்தார். ஐம்பதாயிரத்துக்கு அவர் வட்டியும் கேட்கவில்லை, சுங்கமும் கேட்கவில்லை.

1876 ஜனவரி முதல் நாள் மணியாச்சியிலிருந்து நெல்லைக்குப் புகைவண்டி வந்தது. வந்த வண்டி ஆற்றைத் தாண்டவில்லை, இக்கரையிலேயே நின்றுவிட்டது. பாளைக்குச் செல்வோர் மூட்டை முடிச்சுகளுடன் இறங்கி, முதலியார் பாலத்தின் வழியாகவே போக வேண்டும். திருச்செந்தூர்ப் பாதை 1923-இல் திறக்கப்பட்ட பிறகுதான் பாளைக்கு இரயில் சென்றது. நாற்பத்தேழு ஆண்டுகள் இரயிலின் மிச்ச வழியைச் சுமந்தது இந்தக் கற்பாலமே. இரயில்வேக்காரர்களும் அதை அறிந்தே இருந்தார்கள் போலும். நிலையத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘தின்னவேலி பிரிட்ஜ்’, அதாவது திருநெல்வேலிப் பாலம்.

1869 பெருவெள்ளத்தில் வளைவுகள் சில சிதைந்தன, பின்னர்ச் செப்பனிட்டார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தையும் பாலம் பார்த்துவிட்டது. இப்போது பக்கத்திலேயே புதுப் பாலமும் எழுந்திருக்கிறது. நிலையத்தின் பெயர்ப் பலகையில் பாலம் என்ற சொல் இன்று இல்லை; திருநெல்வேலி சந்திப்பு என்றிருக்கிறது.