சுப்பிரமணியன் சந்திரசேகர் (1910 - 1995)

மாணவர்களே, மாரி மழை ஓய்ந்த மாசி மாத முன்னிரவில் உங்கள் வீட்டு முற்றத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். இடப இராசியின் கொம்பு நுனியருகே, வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயுப் படலம் உண்டு. அதன் பெயர் நண்டு நெபுலா. 1054 ஆம் ஆண்டில் சீனர்கள் பகலிலும் கண்ட ஒரு விண்மீன் வெடிப்பின், அதாவது சுப்பர்நோவாவின் எச்சம் அது. சென்னையில் கற்ற ஒரு தமிழ் இளைஞர் போட்ட கணக்குக்கு அங்கேதான் சான்று கிடைத்தது.

சந்திரசேகர் 1910 ஒக்ரோபர் 19 இல் லாகூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர், புகையிரதக் கணக்காய்வு அலுவலர். தாய் சீதாலட்சுமி. சேர் சி. வி. இராமன் இவருடைய சிறிய தந்தையார். சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகவியல் கற்று, புலமைப்பரிசில் பெற்று, 1930 இல் தமது 19 ஆவது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அந்தப் பயணத்திலேயே கணக்கைத் தொடங்கிவிட்டார். எரிபொருள் தீர்ந்த விண்மீனை இலத்திரன்களின் அமுக்கம் தாங்கி நிற்கும். ஆனால் திணிவு ஓர் எல்லையைத் தாண்டினால் தாங்காது. விண்மீன் மேலும் நொறுங்கும். பின்னர் செம்மையாக்கப்பட்ட இவ்வெல்லை சூரியத் திணிவின் ஏறத்தாழ 1.4 மடங்காகும். இதுவே சந்திரசேகர் எல்லை. பரீட்சையில் பெரும்பாலும் இந்த எண்ணைத்தான் கேட்பார்கள். அவர் பட்ட பாட்டைக் கேட்பதில்லை.

1935 ஜனவரி 11 இல் இலண்டனில், அரச வானியற் கழகக் கூட்டத்தில் தமது முடிவை விளக்கினார். அடுத்து எழுந்தவர் புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன். கேம்பிரிட்ஜில் இவரோடு அடிக்கடி பேசிப் பழகியவர்தான். விண்மீன் அப்படி அபத்தமாக நடக்காது என்று அவர் எள்ளி நகையாட, சபை சிரித்தது. போர், பவுலி போன்ற அறிஞர்கள் சந்திரசேகரின் பக்கமே நியாயம் என்று தனிமையில் ஒப்புக்கொண்டனர். வெளியில் வாய் திறக்கவில்லை.

1937 இல் அவர் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, வேறு ஆய்வுகளில் இறங்கினார். 1944 இல் எடிங்டன் இறந்தபோது அவரைப் புகழ்ந்தே பேசினார்.

இதனிடையே வானொலி வானியல் வளர்ந்தது. சுப்பர்நோவா எச்சங்களில் மிக விரைவாக ஓடும் இலத்திரன்கள் காந்தப் புலத்தில் சுழன்று வானொலி அலைகளை வீசுகின்றன. தாழ் மீடிறனில் அவை மிகப் பலமானவை. 1965 இல் கேம்பிரிட்ஜில் ஹூவிஷ், ஒக்கோயே இருவரும் 38 மெகாஹேட்ஸில், சுமார் 8 மீற்றர் நீள அலைகளில், நண்டு நெபுலாவினுள் மிகச் சிறிய ஒரு மூலத்தைக் கண்டனர். 1968 இல் அமெரிக்காவில், நீங்கள் கேட்கும் பண்பலை வானொலிக்குச் சற்று மேலான மீடிறனில், அதன் துடிப்புகள் பிடிபட்டன. அது செக்கனுக்கு 30 தடவை சுழலும் நியூத்திரன் விண்மீன். சூரியனிலும் கூடிய திணிவு, யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வரையான தூரமளவு குறுக்களவுக்குள் அடங்கிக் கிடந்தது. விண்மீன்கள் நொறுங்கத்தான் செய்கின்றன!

1983 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு ஃபவுலருக்கும் அவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. சந்திரசேகர் 1995 ஓகஸ்ட் 21 இல் சிக்காகோவில் காலமானார். 1999 இல் ஏவப்பட்ட எக்ஸ் கதிர்த் தொலைகாட்டிக்குச் சந்திரா என்று பெயரிட்டனர். அது முதலில் அனுப்பிய படங்களுள் ஒன்று, காசியோப்பியா ஏ என்ற சுப்பர்நோவா எச்சம். அப்படத்தின் நடுவே, அதுவரை எவரும் கண்டிராத ஒரு சிறு புள்ளி தெரிந்தது.